ஊடுகாற்று

மிலோயே வீட்டுப் பசு விழுந்த செய்தி எனக்கு வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அவன் பெண்டாட்டியின் முதுகெலும்பு உடைந்த செய்தி வந்து சேர ஆறு வாரம் ஆனது. இரண்டும் நடந்தது ஒரே நாளில், ஒரே தொழுவத்தில், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது. நினைக்கிற போதெல்லாம் எனக்கு வாய் கசக்கிறது.

நான் ஒப்ரென். மாட்டு வைத்தியன். ஓசோயே என்ற ஊரும் அதற்கு மேலே மலையில் இருக்கிற ஏழெட்டு ஊர்களும் என் வேனின் சத்தத்தை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொள்ளும். மாடு பன்றி ஆடு என்று எது விழுந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். மனுஷர் விழுந்தால் யாரையும் கூப்பிட மாட்டார்கள். கம்பளியைச் சுற்றிவிட்டு ஜன்னலைச் சாத்துவார்கள்.

அது மார்ச் மாதத்தின் முதல் வாரம். பனி உருகி ஊரெல்லாம் கணுக்கால் சேறு. ராஸ்ப்பெர்ரித் தோட்டங்களில் தண்டுகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் வேலை ஆரம்பித்திருந்தது. மிலோயே போனில் அழுதான். எழுபத்தொரு வயது மனுஷன், சொந்தத் தம்பியைப் புதைத்த அன்றுகூடக் கண் கலங்காதவன், ஏங்கி ஏங்கி அழுதான்.

"ஒப்ரேன்! ருமென்கா கீழ கெடக்குறாடா! கன்னு போட்டா, நல்லாத்தான் நின்னா, கன்ன நக்கிக் குடுத்தா, அப்பறம் அப்படியே சாஞ்சிட்டா. காதத் தொட்டா சில்லுன்னு இருக்கு. ஓடி வாடா, என் சாமி!"

போனேன். பசு கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கன்று போட்டவுடன் மடியில் பால் இறங்கும். ரத்தத்தில் இருக்கிற கால்சியம் எல்லாம் பாலோடு போய்விடும். அப்புறம் தசைக்கு எழுந்து நிற்கத் தெம்பிருக்காது. கழுத்து நரம்பில் ஒரு பாட்டில் கால்சியத்தை மெதுவாக ஏற்றினால் செத்த மாடு மாதிரிக் கிடப்பது அரை மணி நேரத்தில் எழுந்துவிடும். ஆனால் அதுவரை பக்கவாட்டில் சாயவிடக் கூடாது. சாய்ந்தால் வயிறு ஊதி மூச்சடைத்துப் போகும்.

என் ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையில் ஊசி. மிலோயே பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "என் கண்ணு, என் ராணி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா கோசாரா வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். கையும் காலும் சும்மா இருந்தது மிலோயேயின் பெண்டாட்டி தோப்ரிலா அக்காவுக்கு மட்டும்தான்.

"அக்கா, பின்னாடி வாங்க. சாக்க இடுப்புக்குக் கீழ குடுத்துத் தூக்குங்க. குனிங்க, நல்லாக் குனிஞ்சு இழுங்க! விடாதீங்க!"

சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

அக்காவுக்கு அறுபத்தாறு வயது. நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். பசு ஐந்நூறு கிலோவுக்கு மேல். அவள் குனிந்து, முக்கி, முழு பலத்தையும் போட்டு இழுத்தாள். எங்கேயோ டக்கென்று ஒரு சத்தம். தொழுவத்தில் ஏதோ பலகை முறிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ பாட்டிலப் பாரு."

அவள் சாக்கை விடவில்லை. பசு நெஞ்சை ஊன்றி உட்கார்ந்தது, ஏப்பம் விட்டது, உடம்பைச் சிலிர்த்தது, கடைசியில் எழுந்தும் நின்றது. மிலோயே அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தான். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. அப்புறம் பிளம் சாராயம் எடுத்து வந்தான். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் போய், சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தாள். எனக்குக் காபி, சோள ரொட்டி, பாலாடை. அவள் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்ததைப் பார்த்தேன். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்ததையும் பார்த்தேன். பார்த்துவிட்டு ரொட்டியைத் தின்றேன். பாலாடை நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். தூ, என்ன ஜென்மம் நான்!

ஏப்ரல் பாதியில் அந்தக் கன்றுக்குக் காதில் நம்பர் வில்லை குத்த மறுபடியும் போனேன். வெளியே நல்ல வெயில். பிளம் மரங்கள் பூத்து வெளேரென்று நின்றன. வீட்டு ஜன்னல்களோ எல்லாம் சாத்தியிருந்தன. இடுக்குகளில் கம்பளி நூலைத் திணித்து, கதவுக்கு அடியில் பழைய ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு நாற்றம் வந்து மூஞ்சியில் அடித்தது. சாராயம், பூண்டு, ஈரக் கம்பளி, பன்றிக் கொழுப்பு, மூத்திரம். மாட்டுக் கொட்டில் எவ்வளவோ மேல். நான் இருபத்தெட்டு வருஷமாக மாட்டு வயிற்றுக்குள் கை விடுகிறவன், எனக்கே குமட்டியது.

"கதவச் சாத்துடா! காத்து வருது!" என்று கோசாரா கத்தினாள். புருஷன் செத்ததும் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். வயது எழுபத்து நாலு, குரல் மட்டும் இருபது.

"என்னக்கா இது? வெளிய வெயில் சுள்ளுன்னு அடிக்குது."

"வெயில் அடிச்சா என்ன, காத்து இல்லாமப் போயிடுமா? இவளுக்கு முதுகுல காத்து புடிச்சிருக்கு. தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தலையோட நடுவீட்டுல நிக்கிறா. இந்தப் பக்கம் ஜன்னல் தெறந்து கெடக்கு, அந்தப் பக்கம் கதவு தெறந்து கெடக்கு. ஊடால மகாராணி நிக்கிறா. புடிக்காம என்ன செய்யும்?"

எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்வலி வந்தால் ஊடுகாற்று. வாய் கோணினால் ஊடுகாற்று. பிள்ளை பிறக்காவிட்டாலும் எங்கேயோ ஒரு ஜன்னலும் கதவும் சேர்ந்து திறந்திருந்ததுதான் காரணம். ஆகஸ்ட் மாதப் பஸ்ஸில் ஐம்பது பேர் வெந்து சாவார்கள், ஒருத்தன் ஜன்னலைத் திறந்தால் அவனைக் கொல்ல வருவார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். பனியனைக் கால்சட்டைக்குள் சொருகிவிடாமல் என் அம்மா என்னை வாசல் தாண்ட விட்டதில்லை.

தோப்ரிலா அக்கா படுத்திருக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலம். இடுப்பிலிருந்து கழுத்து வரை மூன்று கம்பளிச் சால்வை சுற்றி, அடுப்படி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலோடு நிற்கும் அவளுடைய சமையல் முன்துணி இப்போது முழங்காலைத் தாண்டிக் கீழே தொங்கியது. மேல்தட்டில் இருக்கும் மாவு டப்பா ஸ்டூலுக்கு இறங்கியிருந்தது. கடைசி விலா எலும்பு இடுப்பில் முட்டும் அளவுக்கு அவள் உடம்பு உள்ளே இறங்கிவிட்டது. ஒரு மாடு இப்படி நின்றிருந்தால் இந்த ஊரே கூடியிருக்கும்.

கோசாரா விறகெடுக்க வெளியே போனாள். போகும்போதும் கதவைச் சாத்த மறக்கவில்லை.

"அக்கா, எப்பலேர்ந்து இப்படி?"

அவள் மாவு உருளையைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தாள். "ருமென்கா கன்னு போட்டாளே, அன்னிக்கு."

எனக்குக் காதுக்குள் அந்த டக் கேட்டது.

"அது பலகைன்னு நெனச்சேங்க்கா."

"நானும் பலகையா இருந்தாத் தேவலன்னுதான் நெனச்சேன்." அவள் மூச்சைப் பாதியில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "தும்முனா உசிரு போயிட்டு வருது. படுத்தா எந்திரிக்க முடியல, நாற்காலியிலேயே உக்காந்து தூங்குறேன். அதெல்லாம் போவட்டும் தம்பி. ஞாயித்துக்கெழம ஸ்ரெத்தெனக் கூட்டியாரப் போறாங்களாம்."

ஸ்ரெத்தென் எலும்பு தட்டுகிறவன். மர அறுவை மில்லில் கட்டை தூக்கி ஓய்வு பெற்றவன். ஆட்களை முதுகோடு முதுகாகச் சேர்த்துத் தூக்கி உதறுவான். எலும்பு சொடுக்குகிற சத்தம் கேட்டால், "பாத்தியா, உக்காந்துடுச்சு" என்பான்.

"போன வருஷம் மேலூரு விதோசாவாவ ஒதறினான்" என்றாள் அக்கா. "அன்னையிலேர்ந்து அவளுக்குக் கால் வரல. வெளிக்கிப் போறதுக்கும் ஆள் தூக்கணும். என்னைய யாரு தூக்குவா? நாத்தனாரா? எனக்குப் பயமா இருக்கு ஒப்ரேன். அவன் தொடறதுக்கு முன்னால டவுன் ஆஸ்பத்திரியில ஒரு படம் எடுத்துப் பாக்கச் சொல்லேன். நீ சொன்னா அவரு கேப்பாரு. மாட்ட எழுப்புன ஆளு நீ."

"சொல்றேங்க்கா."

"அந்தப் பாட்டில் இன்னும் இருக்கா?"

"எந்தப் பாட்டில்?"

"பசுவுக்கு ஏத்துனியே. எனக்கும் ஒண்ணு ஏத்திவிடேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிவதற்குள் கோசாரா விறகோடு வந்துவிட்டாள்.

தொழுவத்தில் மிலோயேவிடம் பேசினேன். அவன் ருமென்காவுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். தண்ணீரை வெதுவெதுப்பாகச் சுடவைத்து.

"அண்ணே, அக்காவ டவுனுக்குக் கூட்டிட்டுப் போங்க. எக்ஸ்ரே எடுக்கணும். இது காத்து இல்ல."

"மே ஆறாம் தேதி ஸ்லாவா முடியட்டும்டா. ஜார்ஜியார் நாள். நாப்பது பேர் வருவாங்க. அவ போய் ஆஸ்பத்திரியில மல்லாந்துக்கிட்டா ரொட்டிய யாரு பெசையறது, நீயா?"

எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர் உண்டு. அவருடைய நாள்தான் ஸ்லாவா, அன்றைக்கு அழைப்பில்லாமலே ஆள் வரும். வீட்டுக்காரி காலையிலிருந்து ராத்திரி வரை உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அந்தப் பேச்சு அடுத்த வருஷம் வரை ஓடும்.

"பசு விழுந்தப்ப அந்த அழுகை அழுதீங்களேண்ணே!"

"பசுவுக்கு வாயி இல்லடா. அதுக்கு நாமதான் அழணும். இவளுக்கு வாயி இருக்குல்ல? வலிச்சா சொல்ல மாட்டாளா? இந்நாள் வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல. காத்துதான், தன்னால போயிடும். ஸ்ரெத்தென் வந்தா ரெண்டு நிமிஷ வேல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சத்தம் கேட்டது, இழுக்கச் சொன்னது நான் என்று. வாய் வரைக்கும் வந்தது. ஆனால், ஒப்ரென் மாட்டை எழுப்பி மனுஷியை உடைத்தான் என்று ஏழெட்டு ஊரும் பேசுமே என்று நினைத்தேன். கன்றுக்குக் காது குத்திவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறும் இறங்கியது, தூக்கமும் வந்தது. அதுதான் என்னைப் பற்றி எனக்கே அருவருப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனது கேட்காமல் வேனை எடுத்தேன். அவர்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கிழட்டு ஆட்டின் தலை வாளிக்குள் கிடந்தது. ஈ மொய்த்தது. கதவைத் திறந்தேன். போன தடவை வந்த நாற்றம் இதன் பக்கத்தில் பன்னீர்.

ஸ்ரெத்தென் வருவதற்கு முந்தின நாளே பச்சைத் தோல் சுற்றச் சொல்லி அனுப்பியிருந்தானாம். சனிக்கிழமை மத்தியானம் ஆட்டை வெட்டி, சூடு ஆறுவதற்குள் தோலை உரித்து, அக்காவின் வெற்று முதுகில் ரத்தப்பக்கம் படும்படி சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கறி தொடக் கூடாத நோன்பு காலத்தில் ஆட்டை வெட்டலாமா என்பது ஒன்றுதான் கோசாராவின் கவலை. கறி புகையில் தொங்கட்டும், ஸ்லாவாவுக்கு ஆகும் என்று மிலோயே தீர்த்து வைத்தான். சாத்திய அறையில், எரியும் அடுப்புக்குப் பக்கத்தில், அந்தத் தோல் ஒரு முழு நாளாக அவள் மேல் அழுகிக்கொண்டிருந்தது. மஞ்சளாக ஏதோ ஒழுகி நாற்காலிக் காலில் வழிந்திருந்தது. அக்கா கண்ணை மூடி வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்ரெத்தென் தரையில் கம்பளத்தை விரித்துவிட்டுச் சட்டைக் கையை மடக்கிக்கொண்டிருந்தான். முன்கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு.

"நல்லா எளகியிருக்கும்" என்றான். "தோலு எலும்ப மெதுவாக்கிடும். இப்ப இழுத்தா வெண்ணெ மாதிரி வந்து பழைய எடத்துல உக்காரும். எந்திரி தாயி."

நான் நேராகப் போய் ஜன்னல் இடுக்கில் திணித்திருந்த நூலைப் பிடுங்கி இரண்டு கதவையும் தள்ளினேன்.

"அடப்பாவி! அவளக் கொல்லப் பாக்குறான்!" கோசாரா தன் தலைத்துணியை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். "காத்து! காத்து!"

"காத்து இல்ல. நான்!" என்று கத்தினேன். "நான்தான் அக்கா முதுக உடச்சேன். அன்னிக்குப் பசுவுக்கு அடியில சாக்கக் குடுத்துக் குனிஞ்சு இழுன்னு சொன்னது நான். டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. கேட்டும் பேசாம இருந்தேன். உடஞ்ச எலும்ப ஒதறுனா நரம்பு போயிடும், கால் போயிடும். யாரும் தொடாதீங்க!"

"மாட்டு டாக்டர் மனுச முதுகப் பத்திச் சொல்ல வந்துட்டாரு" என்று ஸ்ரெத்தென் இளித்தான்.

"சரி, மாட்டப் பத்தியே கேக்குறேன். அண்ணே, ருமென்காவ வெளிய கொண்டாந்து நிறுத்துங்க. ஸ்ரெத்தென் அவ முதுகுல ஏறி ரெண்டு மிதி மிதிக்கட்டும்."

மிலோயே பதறிப்போனான். "யோவ், என்னய்யா பேச்சு இது? கன்னு போட்ட ஒடம்பு! எலும்பு தாங்குமா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவன் காதுக்கே கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். 

அக்கா கண்ணைத் திறந்தாள். "சத்தம் எனக்கும் கேட்டுச்சு" என்றாள். "உள்ளேயிருந்து கேட்டுச்சு. என்ன ஒதற வேண்டாம். இந்தத் தோல எடுங்க. எம்மேலேயே எனக்குக் கொமட்டுது."

அவளும் சொன்ன பிறகுதான் ஸ்ரெத்தென் சட்டைக் கையை இறக்கினான். "உடஞ்சதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்கு வரப்போறேன்? நாளைக்கு ஒண்ணு ஆனா கேஸ் எம்மேலல்ல வரும்." வெளியே போகும்போது ஆட்டின் ஈரலைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அவன் கேட்கவும் இல்லை, நாங்கள் தடுக்கவும் இல்லை.

தோலை நான்தான் அறுத்து எடுத்தேன். முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெந்நீரில் துடைத்தபோது முள்ளந்தண்டு நடுவில் திமில் மாதிரி புடைத்து நின்றது தெரிந்தது. தொழுவத்துக் கதவை நானும் மிலோயேயும் கழற்றி, மேலே மெத்தையைப் போட்டு, அக்காவை மல்லாக்கப் படுக்கவைத்து வேனில் ஏற்றினோம். பின்னால் மருந்துப் பெட்டியும் கன்று இழுக்கும் கயிறும் உருண்டன. மேடு பள்ளம் ஒவ்வொன்றுக்கும் அவள் "ம்" என்பாள். நாற்பது நிமிடப் பாதையில் நான் அந்த 'ம்'மை மட்டும் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. ஆட்டு நாற்றம் தாங்காமல் ஒரு நொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பவில்லை. படம் எடுத்து வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினாள். முதுகெலும்புக் கட்டைகள் அடுக்கி வைத்த மாதிரி இருக்க வேண்டியதில் மூன்று கட்டை முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தன.

"இது ஒண்ணு புதுசு" என்றாள். "இந்த ரெண்டும் பழசு. எலும்பு ரொம்ப வருஷமாவே உள்ளுக்குள்ள பொரபொரன்னு ஆகிட்டு வந்திருக்கு. இந்த வயசுல நெறயப் பொம்பளைங்களுக்கு ஆகும், வெளிய தெரியாது. பசுவத் தூக்கணும்னு இல்ல, வாளியத் தூக்குனாலும் இது உடஞ்சிருக்கும். பழைய ரெண்டும் எப்ப ஆச்சும்மா?"

அக்காவுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "ஒண்ணு முட்டைக்கோஸ் ஊறப்போட்ட பீப்பாய நகத்துனப்ப. நாலு வருஷம் ஆச்சு. இன்னொண்ணு போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ராஸ்ப்பெர்ரிப் பெட்டிய வண்டியில ஏத்துனப்ப. பளிச்சுன்னு மின்னல் வெட்டுன மாதிரி இருந்துச்சு."

"அப்ப என்னன்னு சொன்னாங்க?"

"காத்துன்னாங்க."

"நீங்க?"

"நானும் காத்துன்னுதான் நெனச்சேன். வேற என்னன்னு நெனைக்க எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? கல்யாணத்தப்ப இவரு தோள் உசரம் இருந்தேன். இப்ப சட்டப்பை உசரம். கெழவியானா எல்லாரும் சுருங்குவாங்கன்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மா மிலோயே பக்கம் திரும்பினாள். "இனிமே இவங்க எதையும் தூக்கக் கூடாது. குனியக் கூடாது."

"எவ்வளவு வரைக்கும் தூக்கலாம் டாக்டர்?"

"ஒரு காபி கப்."

"கப்பா, கெட்டிலா?" என்று கேட்டான். கேலியாக இல்லை, நிஜமாகவே கணக்குத் தெரியாமல் கேட்டான். எனக்கு அவனை அங்கேயே நாலு சாத்தலாம் போலிருந்தது.

மருந்து கொடுத்தாள், இடுப்புப் பட்டை கொடுத்தாள். பட்டையை ரொம்ப நாள் போடக் கூடாது என்றாள். "படுத்தே கெடந்தீங்கன்னா தசை கரஞ்சிடும். தசை போச்சுன்னா முதுகத் தாங்கிப் புடிக்க ஒண்ணுமில்ல, அடுத்த எலும்பும் போயிடும். அதனால தெனமும் சொவத்துல முதுகு ஒட்ட நிக்கணும். நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சு உக்காரணும். கைய ஊனி ஆரம்பிங்க. ஒருநாள் ஊனாம எந்திரிக்கணும். என்னிக்கு ஊனாம எந்திரிக்கிறீங்களோ அன்னிக்கு முதுகு உங்க பக்கம்."

ஆறாவது நாள் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து நான் ஒன்றுவிட்டு ஒரு நாள் போனேன், மாட்டைப் பார்க்கிற சாக்கில். அடுப்பு ஓரத்து மர நாற்காலியில் அவள் எழுந்து உட்கார்வாள். முதல் நாள் இரண்டு தடவை. மேசையை இறுகப் பிடித்து, பல்லைக் கடித்து. கோசாரா பார்த்துப் பார்த்து வயிறெரிந்தாள்.

"இந்த வயசுல இவளுக்குச் சர்க்கஸ்! ரொட்டி பெசைய முடியாதாம், எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார முடியுமாம். ஊருக்குத் தெரிஞ்சா காறித் துப்புவாங்க."

"ஏழு" என்பாள் அக்கா, யாரையும் பார்க்காமல். "எட்டு."

ஸ்லாவா நெருங்க நெருங்க வீட்டுக்குள் ஒரு புகைச்சல். அந்த ஒரு நாள் மட்டும் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கட்டுமே என்று கோசாரா சொல்லிக்கொண்டே இருந்தாள். மிலோயே ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தொழுவத்துக்குப் போய்விடுவான். அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள்: "நாப்பது பேர் முன்னால அவரு கூப்பிட்டா நான் எந்திரிச்சுடுவேன் தம்பி. நாப்பத்தஞ்சு வருசப் பழக்கம். அந்தச் சூப்புப் பானைய ஒரு தடவ தூக்குனா நாலாவது எலும்பும் போயிடும். எனக்கு அதுதான் பயம்."

மே ஆறாம் தேதி நாற்பது பேர் இல்லை, ஐம்பது பேர் வந்தார்கள். பாதிப் பேர் புனிதருக்காக வந்தவர்கள் இல்லை, முதுகு உடைந்தவளை வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மேசையில் மெழுகுவத்தி, இனிப்புக் கோதுமை, கோசாரா பிசைந்து நடுவில் வெடித்துப்போன ரொட்டி. பாதிரியார் ரொட்டியை அறுத்துத் திராட்சை மது ஊற்றி ஆசீர்வதித்தார். அப்புறம் தின்ன ஆரம்பித்தார்கள். ஆட்டுக்குட்டிக் கறி, கொழுப்பு வழியும் தாடை, சிகரெட் புகை, சாராய ஏப்பம். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அடுப்பும் எரிந்தது. கண்ணாடியில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே அறையில் ஒரு மனுஷியைத் தோலுக்குள் வைத்து அழுகவிட்டார்கள், இப்போது இங்கேயே விரலைச் சூப்புகிறார்கள். நானும்தான். விலா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அடுப்பு ஓரத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெண்கள் தட்டுக்கு மேல் குனிந்து குசுகுசுத்தார்கள்.

"வீட்டுக்காரி உக்காந்துக்கிட்டு இருக்கா பாரு."

"பாக்க நல்லாத்தான இருக்கா?"

"அதெல்லாம் ஈரத்தலையோட நின்னதுதான்."

கோசாரா அதற்குத் தலையாட்டினாள்.

சூப் நேரம் வந்தது. அடுப்பு மேல் இருபது லிட்டர் பானை. மிலோயே மூன்று கோப்பை சாராயம் போட்டிருந்தான். பாதிரியார் பக்கத்தில் நின்றுகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், நாற்பத்தைந்து வருஷமாக எப்படிக் கூப்பிட்டானோ அப்படியே கூப்பிட்டான்.

"ஏ, தோப்ரிலா! சூப்ப எடுத்தா!"

 ஐம்பது தலையும் அவள் பக்கம் திரும்பின. 

அக்காவின் கை இரண்டும் மடியில் இருந்தன. மடியிலேயே இருந்தன. பாதத்தைத் தரையில் சரியாக வைத்தாள், உடம்பை முன்னால் சாய்த்தாள், எதையும் பிடிக்காமல் எழுந்தாள். தொடை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நின்றுவிட்டாள். நான்கு எட்டு வைத்துப் பானையிடம் போனாள். நான் எழப்போனேன். அவள் பானையைத் தாண்டிப் போய், ஜன்னல் கொக்கியை விலக்கி, இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். ஆள் வந்து போவதால் எதிரே வாசல் கதவும் திறந்திருந்தது.

மலைக்காற்று அறை முழுக்கப் பாய்ந்தது. மெழுகுவத்தி படபடத்தது. "ஐயோ, காத்து!" என்று கோசாரா அலறினாள். ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் கழுத்தை மூடினார்கள். பாதிரியார்கூட அங்கியை இழுத்துக்கொண்டார். அக்கா மட்டும் நடுவில் நின்று மூக்கு நிறைய மூச்சிழுத்தாள். திரும்ப வந்து, கை ஊன்றாமல் உட்கார்ந்தாள்.

"சூப்பு அங்க இருக்கு" என்றாள்.

 கடைசியில் மிலோயே போனான். முழங்கால் விறைத்தபடி முதுகை வளைத்துக் குனிந்து பானைக் காதைப் பிடித்தான். தூக்கியவன் "ஆ!" என்று பாதியிலேயே கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"நான் சொல்லல?" என்று கோசாரா துள்ளினாள். "அடிச்சிடுச்சு பாரு, காத்து!"

"முட்டிய மடக்கித் தூக்குய்யா" என்றாள் தோப்ரிலா அக்கா நாற்காலியிலிருந்தே. "குனியாத. குனிஞ்சாத்தான் முதுகு போகும்."

அவன் முட்டியை மடக்கினான். பானை எழுந்தது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுந்து கை தட்டலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், என் கை எப்போதோ மேலே போய்ச் சட்டைக் காலரைப் பிடித்துப் பிடரியை மூடியிருந்தது. எலும்பு உடைகிற சத்தத்தைக் காதால் கேட்டவன், படத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். சீ! கையைக் கீழே இறக்கப் பார்த்தேன். காற்று சில்லென்று அடித்தது. இறக்க முடியவில்லை.